கோவை மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகக் கொடையாளர் பிரிவு: கொடுத்தவளின் மதிப்புரை

2023 தை மாதத்தில் என் இடது சிறுநீரகத்தைத் தம்பிக்குக் கொடுத்தேன். கோவையில் பலரும் அறிந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை நடந்தது. தம்பி இன்றும் அங்கேதான் மருத்துவரைப் பார்க்கிறான் என்பதால் அதன் பெயரை எழுதவில்லை. கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம், பவானி பக்கமிருந்து இந்தச் சிகிச்சைக்காகக் கோவைக்குப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் தம்பியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தம்பி நன்றாக இருக்கிறான், அவனுடைய சிகிச்சையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே நான் எழுதுவது சிறுநீரகத்தைக் கொடுப்பவருக்கு அந்த மருத்துவமனை என்ன செய்கிறது என்பதைப் பற்றி மட்டுமே. பரிசோதனைக் கட்டம் மிக நன்று, அறுவையும் நன்று. அறுவைக்குப் பிந்தைய முதல் இரவின் கவனிப்பில் ஆபத்தான குறை இருந்தது. வீடு திரும்பிய பிறகான தொடர் கவனிப்பு என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே இல்லவே இல்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். அப்போது எனக்கு 44 வயது, எடை 58 கிலோ, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கிடையாது. ஆறு வாரம் கோபியிலிருந்து பேருந்தில் போய்ப் போய் வந்தேன். ஒரு நாள் முழுதும் கழித்த சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுத்தேன். சர்க்கரைக் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருந்து இரத்தம் கொடுத்தேன். இரண்டு சிறுநீரகங்களும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை டிடிபிஏ ஸ்கேனிலும், இரத்தக் குழாய்கள் எத்தனை, எப்படிப் பிரிகின்றன என்பதைச் சிடி ஆஞ்சியோவிலும் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 98 மில்லி வடிகட்டும் திறன் எனக்கு இருந்தது. 90-க்கு மேல் இருந்தால் கொடுக்கலாம், 60-க்குக் கீழே இருந்தால் கூடாது, இடைப்பட்டவர்களை அவரவர் நிலை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2017-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டில் சற்றே நன்றாக வேலை செய்வதைக் கொடுப்பவரிடமே விட்டுவைப்பது இத்துறையின் நெடுநாள் நெறி. "நல்லதை உங்களுக்கே வச்சிட்டுத்தாங்க எடுப்போம்" என்று சிறுநீரக மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னபோது, இவர்களிடம் உடம்பை ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

சம்மதம் வாங்கும் நடைமுறையும் ஒழுங்காகவே இருந்தது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி உடன்பிறந்தோர் நெருங்கிய உறவினர் என்றாலும், 2014-ஆம் ஆண்டின் விதிகள் கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்றும், பெறுபவர் அல்லாத வேறொருவர் மூலம் அவளுடைய அடையாளத்தையும் சொந்தச் சம்மதத்தையும் உறுதிசெய்ய வேண்டும் என்றும் கூறுகின்றன. ஒரு பெண் மருத்துவர் என்னைத் தனி அறையில் உட்காரவைத்து, கணவரையும் அம்மாவையும் வெளியே நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் பேசினார். கொடுக்க மனமில்லையென்றால் பரிசோதனையில் பொருந்தவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், காரணம் வெளியே போகாது என்றார். நம் பக்கத்துக் குடும்பங்களில் அக்காவிடமும் மனைவியிடமும் அம்மாவிடமும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவர்கள் கொடுப்பார்கள் என்றே வைத்துக்கொள்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத்தான் தெரியும். பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைப் பிடித்துக்கொண்டு தரகர்கள் அவர்களுடைய சிறுநீரகங்களை விற்கவைத்த கொடுமை 2025-இல் மறுபடியும் செய்தியானபோது, அந்தத் தனி அறையைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர்களிடம் யாராவது அப்படி உட்கார்ந்து கேட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்.

ஆனால் ஆபத்துகளை விளக்கிய விதத்தில் எனக்குத் திருப்தியில்லை. "ஒரு கிட்னியோட நூறு வயசு வரைக்கும் இருக்கலாம்" என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். அது பொய் அன்று. 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரட்டைச் சகோதரனுக்குச் சிறுநீரகம் கொடுத்த ரொனால்ட் ஹெரிக் அதற்குப் பிறகு 56 ஆண்டுகள் வாழ்ந்தார். நம் நாட்டில் 1971-இல் வேலூரில் முதல் வெற்றிகரமான மாற்று அறுவை நடந்தது. அன்று முதல் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை கொடுத்த 80,000-க்கும் மேற்பட்டோரைக் கணக்கெடுத்தபோது, அறுவை முடிந்த 90 நாளுக்குள் இறந்தவர்கள் 10,000 பேருக்கு 3 பேர் என்று தெரிந்தது. 2013 முதல் 2022 வரையிலான கணக்கில் அது 10,000-க்கு ஒருவருக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இவ்வளவு பாதுகாப்பான பெரிய அறுவைகள் குறைவு.

அதே நாட்டில் 96,000-க்கும் மேற்பட்ட கொடையாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றையும் சொல்கிறது. கொடுத்த 15 ஆண்டுக்குள் எஞ்சிய சிறுநீரகமும் முற்றிலும் செயலிழந்தவர்கள் 10,000-க்கு ஏறத்தாழ 31 பேர், அவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 4 பேர். எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் வேறுபாடு சிறியதன்று. இந்த இரண்டு கணக்கையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். கொடுப்பதன் விளைவுகளைக் கொடுப்பவருக்கு விளக்குவது மருத்துவரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. எனக்கு முதல் பாதியை மட்டும் சொன்னார்கள். இரண்டாம் பாதியை நான் படுக்கையில் கிடந்தபோதுதான் தேடிப் படித்தேன். தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன். தம்பி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் கிடந்து கறுத்துச் சுருங்கியதைக் கண்ட அக்காள் வேறென்ன செய்வாள்? ஆயினும் தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

அறுவை லேப்ராஸ்கோப்பி முறையில் நடந்தது. நான்கு சிறு துளைகளும் அடிவயிற்றில் ஒரு கீறலும்தான். தழும்பு சுத்தமாக ஆறிவிட்டது. சிறுநீரகத் தமனியை எதைக் கொண்டு அடைப்பீர்கள் என்று அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே ஒரு கேள்வி கேட்டிருந்தேன், அவர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். சிறுநீரகத் தமனியை வெட்டிய பின் உடலில் மிஞ்சும் அடிப்பகுதியைப் பூட்டிக் கட்டும் வகையில் அமைந்த பிளாஸ்டிக் கிளிப்பால் மட்டும் அடைத்தால், அது நழுவி நிமிடங்களில் உயிர் போகுமளவு இரத்தம் கொட்டக்கூடும். வெளிநாட்டில் அப்படிக் கொடையாளர்கள் இறந்த பிறகு, கொடையாளர் அறுவையில் தமனிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2006-இல் அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது, 2011-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதே எச்சரிக்கையை மீண்டும் விடுத்தது. எங்கள் மருத்துவர் தாம் ஸ்டேப்ளர் கொண்டு குழாயின் திசுவையே தைத்துவிடுவதாகச் சொன்னார். வேறு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

இனி, குறை. எனக்கு அறுவையின்போது எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக இரத்தம் போயிருந்தது. மேல் இரத்த அழுத்தம் அன்று மாலை 90-ஐ ஒட்டியே நின்றது. தம்பியின் புதிய சிறுநீரகம் மேசையிலேயே சிறுநீர் விடத் தொடங்கிவிட்டது என்ற மகிழ்ச்சியில் எல்லோரும் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவனுக்கு மணிக்கொரு தரம் அளவெடுக்கத் தனிச் செவிலியர் இருந்தார். என்னைப் பொது அறுவை வார்டில், பித்தப்பைக் கல் எடுத்தவர்களுக்கும் குடலிறக்கம் தைத்தவர்களுக்கும் நடுவில் போட்டிருந்தார்கள். வலிக்கு ஒரு ஊசி போட்டார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாகப் போட்ட அது கீட்டோரோலாக் என்று பின்னால் மருந்துச் சீட்டில் பார்த்தேன்.

என்னோடு இருந்தவர் என் சின்னம்மா. கவுந்தப்பாடிப் பக்கத்தில் இருபது ஆண்டு பால் சொசைட்டியில் பால் அளந்த கை அவருடையது. கட்டில் காலில் தொங்கிய சிறுநீர்ப் பையின் கோடுகளை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாளில் மணியையும் அளவையும் எழுதினார். இரவு 8 மணிக்கு 150. 10 மணிக்கு 180. அதிகாலை 2 மணிக்கு 200. அதாவது நான்கு மணி நேரத்தில் 20 மில்லி, ஒரு காபித் தம்ளரின் அடியில்கூட நிற்காத அளவு. நிறமும் கடுங்காப்பி போல மாறியிருந்தது. "ஏனுங்க அம்மிணி, பத்து மணிக்கு இருந்த கோட்டுக்கிட்டயே இன்னும் நிக்குதுங்க, கொஞ்சம் வந்து பாருங்க" என்று செவிலியரிடம் இரண்டு முறை போய்ச் சொன்னார். காலையில் மருத்துவர் வருவார் என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். மணிக்கு எடையில் கிலோவுக்கு அரை மில்லியாவது, அதாவது எனக்கு ஏறத்தாழ 30 மில்லியாவது, சிறுநீர் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் உடனே கூப்பிட வேண்டும் என்று என் படுக்கைத் தாளில் யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதாததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

காலை 9 மணிக்குச் சிறுநீரக மருத்துவர் தம்பியைப் பார்த்துவிட்டு வரும் வழியில் சின்னம்மா அந்தத் தாளோடு அவர் முன்னால் போய் நின்றார். தாளை வாங்கிப் பார்த்தவர் நின்ற இடத்திலிருந்தே ஊசியை நிறுத்தச் சொல்லிக் கூவினார். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, சிறுநீரகத்தின் வேலை குறைந்தால் அது இரத்தத்தில் ஏறும். அறுவைக்கு முன் 0.7 இருந்த என் கிரியாட்டினின் அன்று காலை 2.1. மறுநாள் 3.4. ஒரே சிறுநீரகம் உள்ளவர்க்கு 1.0, 1.1 என்று ஏறுவது எதிர்பார்க்கத்தக்கது. 3.4 என்பது எஞ்சிய சிறுநீரகம் திடீரென வேலையை நிறுத்திக்கொண்டது என்று பொருள்.

ஏன் நேர்ந்தது என்பதைப் பின்னர் அந்த மருத்துவரே பொறுமையாக விளக்கினார், அதை எங்கள் ஊர் வாய்க்காலை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். உடம்பில் இரத்தமும் நீரும் குறையும்போது, சிறுநீரகம் தனக்குள் வரும் நுண்குழாய்களை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. விரித்துப் பிடிக்கும் வேலையைச் செய்வது புராஸ்டகிளாண்டின் என்னும் சுரப்பு. கீட்டோரோலாக், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகள் அந்தச் சுரப்பையே தடுப்பவை. கொடிவேரி அணையில் தண்ணீர் குறைவாக வரும் நாளில் தடப்பள்ளி வாய்க்காலின் ஷட்டரையும் இறக்கிவிட்டால் கடைமடை வயல் காய்வதைப் போலத்தான். இரண்டு சிறுநீரகம் இருப்பவருக்கு நிறைய நேரம் தாங்கிவிடும். அன்று காலையில்தான் ஒன்றை இழந்து, மற்றொன்று இரு மடங்கு வேலைக்குப் பழகிக்கொண்டிருக்கும் உடம்புக்கு, அதுவும் அழுத்தம் 90-இல் நிற்கும்போது, எப்படித் தாங்கும்? அழுத்தம் நன்றாக இருந்து நீரும் போதிய அளவு ஏறியிருக்கும் கொடையாளர்களுக்குச் சில இடங்களில் இந்த மருந்தை அளவோடு கொடுப்பதும் உண்டு. தவறு, என் நிலையைப் பார்க்காமல் வார்டில் எல்லோருக்கும் எழுதும் சீட்டையே எனக்கும் எழுதியது. அறுவையில் பல மணி நேரம் ஒருக்களித்து வளைத்துப் படுக்கவைப்பதால் இடுப்புத் தசை நசுங்கி, அதிலிருந்து கசியும் பொருள் சிறுநீரகத்தை அடைப்பதும் உண்டு. அதற்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எனக்கு அது இல்லை.

அதற்குப் பிறகு கவனிப்பு பழுதின்றி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு யூனிட் இரத்தம், அளந்து அளந்து சலைன், மணிக்கொரு கணக்கு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பொட்டாசியம் பரிசோதனை. டயாலிசிஸ் வாசல்வரை போய்த் திரும்பினேன். ஐந்தாம் நாள் காலை பையில் 400 மில்லி இறங்கியதும் சின்னம்மா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். நான்கு நாளில் போயிருக்க வேண்டியவள் 11-ஆம் நாள் 1.6 கிரியாட்டினினோடு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் வைத்துத்தான் டிஸ்சார்ஜ் தாளைப் படித்தேன். தம்பிக்கு ஒன்பது பக்கம், எனக்கு ஒன்று. அதில் "அறுவைக்குப் பிந்தைய காலம் சிக்கலின்றிக் கழிந்தது" என்னும் பொருள்படும் ஆங்கில வரி. 3.4 என்ற எண் அந்தத் தாளில் எங்குமே இல்லை. இந்த மதிப்புரையில் நான் பெரிதாக மனம் நொந்து எழுதும் குறை இதுதான். இரவில் ஒரு ஊசி தவறாகப் போய்விட்டது என்பதை மன்னிக்கலாம், ஆள் குறைவு, களைப்பு என்று ஏதேனும் இருக்கும். நடந்ததை எழுதாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நாளை எனக்கு வேறு அறுவை வந்தால், மயக்க மருத்துவர் எந்தத் தாளைப் பார்த்து முடிவெடுப்பார்? எஞ்சிய சிறுநீரகம் ஒரு முறை அடிபட்டது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அந்த மருத்துவமனை கொடையாளர்களுக்குச் சிக்கலே வந்ததில்லை என்று அடுத்த அக்காவிடம் சொல்லும்போது, என் போன்றவர்களின் தாளைப் பார்த்துத்தானே சொல்லும்? நேரில் போய்க் கேட்டு, இரண்டு முறை எழுதிக் கொடுத்து, ஏழு வாரத்துக்குப் பிறகு திருத்திய தாளை வாங்கினேன்.

தொடர் கவனிப்பு பற்றி எழுத அதிகம் இல்லை. கொடுத்தவருக்கு ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், எடை, கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று மேலே சொன்ன வழிகாட்டுதலே கூறுகிறது. அமெரிக்காவில் ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு கணக்கை மருத்துவமனை தேசிய உறுப்பு மாற்று அமைப்புக்கு அனுப்பியே ஆக வேண்டும். எனக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை. ஆறாம் மாதம் நானாகப் போனபோது, வரவேற்பில் இருந்த பெண் "பேஷண்ட் யாருங்க?" என்றார். நான்தான் என்றேன். கணினியில் தேடிவிட்டு, அந்தத் தேதியில் தம்பியின் பெயரில்தான் கோப்பு இருக்கிறது, எனக்கென்று நடப்பு எண் இல்லை, புது நோயாளியாகப் பதிந்துகொள்ளுங்கள் என்றார். பதிவுக் கட்டணம் கட்டிப் பதிந்தேன்.

18-ஆம் மாதம் எங்கள் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் வரிசையில் எல்லோரோடும் நின்றபோதுதான் என் இரத்த அழுத்தம் 148/94 என்று தெரிந்தது. சிறுநீரில் சிறிதளவு ஆல்புமினும் கசிந்திருந்தது. அதுவரை முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரையை இருபது முப்பது முறையாவது விழுங்கியிருப்பேன். அதிலும் டைக்ளோஃபினாக்தான் இருந்தது. வாழ்நாள் முழுதும் அதைத் தொடக் கூடாது என்று ஒரு வரி அந்த ஒற்றைப் பக்கத் தாளில் எழுதியிருக்கலாம். இப்போது ஈரோட்டில் ஒரு சிறுநீரக மருத்துவரைப் பார்க்கிறேன். அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, உப்பைக் குறைத்த சாப்பாடு. ஊறுகாயை விட்டதுதான் கடினமாக இருந்தது. கிரியாட்டினின் 1.2-இல் நிற்கிறது.

என் கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளி, கணவருக்குக் கொடுத்த 26 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. குழந்தை இன்னும் இல்லை என்றாள். கொடுத்த பிறகு கருவுற்றால் இரத்த அழுத்தமோ கர்ப்பகால நச்சுநிலையோ வரும் வாய்ப்பு 100-க்கு 5 என்பதிலிருந்து 11 ஆகிறது என்று கனடாவில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பெரும்பாலான தாய்களும் குழந்தைகளும் நலமாகவே இருந்தார்கள், ஆனால் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டியவர்கள். அவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை என்று அவளே சொன்னாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் இதை நேரில் போய்ச் சொல்லியிருப்பேன்.

ஆகவே, அங்கே போகலாமா என்று கேட்பவர்களுக்கு: அறுவைக்குப் போகலாம். போகுமுன், கொடுப்பவருக்கு முதல் இரண்டு இரவும் மணிக்கணக்கில் சிறுநீர் அளக்கும் படுக்கை உண்டா, வலிக்கு என்ன மருந்து கொடுப்பீர்கள், சிறுநீர் குறைந்தால் நள்ளிரவில் எந்த மருத்துவர் வருவார் என்று கேட்டு, பதிலைச் சம்மதப் படிவத்தோடு எழுத்தில் வாங்குங்கள். துணைக்கு இருக்கப்போகிறவர் யார் என்பதைத் தம்பிக்கு யார் என்று யோசிப்பதற்கு முன் யோசியுங்கள். வெளியேறும் நாளில் தாளை வாசித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள். ஆண்டுப் பரிசோதனையை அவர்களை நம்பி விடாதீர்கள். கோபியிலேயே 700 ரூபாய்க்குள் மேலே சொன்ன பரிசோதனைகளை எடுத்துவிடலாம்.

சென்ற ஆவணியில் மருத்துவமனை நிர்வாகத்துக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினேன். கொடையாளர்களுக்குத் தனிக் கோப்பும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசப் பரிசோதனை அட்டையும் கொடுக்க ஏற்பாடு நடப்பதாகப் பதில் வந்தது. போன மாதம் தம்பி மருந்துக்குப் போனபோது கேட்டான், இன்னும் வரவில்லை என்றார்கள். அட்டை கைக்கு வந்தால் அதன் விவரத்தை இந்த மதிப்புரையின் கீழே சேர்த்து எழுதுகிறேன்.